‘சாப்பிட்டியா தம்பி?’ என்று கேட்க முடியாதவர்

வாசகர் கடிதம் (சுருக்கி):

டாக்டருக்கு வணக்கம். எனக்கு 62 வயது. வேலூர்ப் பக்கம் பிறந்தவன். எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவன் பட்டாளத்தில் இருப்பான். நான் 1982இல் சேர்ந்தேன். 1988இல் இந்திய அமைதிப்படையோடு யாழ்ப்பாணத்தில் இருந்தேன். அதிகாரிகளுக்குத் தமிழ் தெரியாது. பிடித்துக்கொண்டு வந்தவர்களுக்கு இந்தி தெரியாது. நடுவில் நான். முதலில் மொழிபெயர்த்தேன். இரண்டு மாதத்தில் நானே விசாரிக்க ஆரம்பித்துவிட்டேன். அடிப்பது என் வேலை இல்லை, அது பக்கத்து அறையில் நடக்கும். அடிபட்டு வருகிறவனை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, “சாப்பிட்டியா தம்பி” என்று கேட்பதுதான் என் வேலை. பதினேழு பதினெட்டு வயசுப் பையன் ஒருவன், “ஓம் அண்ணை” என்றான். என்னை நம்பி ஒரு வீட்டைச் சொன்னான். மறுநாள் அந்த வீட்டுப் பையனையும் கொண்டுவந்தார்கள். இரண்டு பேரும் அப்புறம் என்ன ஆனார்கள் என்று தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

அதற்குப் பிறகு இந்த 37 வருஷமாக, பெற்ற பிள்ளையைக்கூட ‘சாப்பிட்டியா’ என்று கேட்க வாய் வரவில்லை. இரண்டு மணி நேரம்தான் தூக்கம், அதுவும் ரம் இருந்தால். நாலு மாதத்துக்கு முன் எங்கள் தெருவுக்கு இலங்கையிலிருந்து வந்த ஒரு வயசான அம்மா குடிவந்தார். “தம்பி, ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோவன்” என்று கூப்பிடுகிறார். அன்றிலிருந்து ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகிறேன். பொங்கல் அன்று ஒன்பது வயசுப் பேரன் போனை உடைத்துவிட்டு, நான் இல்லை என்றான். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பழைய குரலில் கேள்வி கேட்டேன். பிள்ளை நிஜாரை நனைத்துவிட்டான்.

ராமேசுவரம் போய் 22 தீர்த்தமும் ஆடி, பெயர் தெரியாத அந்தப் பையனுக்குத் திதி கொடுத்தேன். தீரவில்லை. மறக்க மருந்து இருக்கிறதா? அந்த அம்மா காலில் விழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிடலாமா? போய்ச் சேர்ந்தால் போதும் என்று இருக்கிறது.

*

அன்புள்ள ஐயா,

படைப்பிரிவு, முகாம், அதிகாரிகளின் பெயர்கள் என்று நீங்கள் எழுதியிருந்த எதையும் இங்கே வெளியிடவில்லை. எனக்கு அவை தேவைப்படவும் இல்லை.

உங்கள் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். ‘போய்ச் சேர்ந்தால் போதும்’ என்று அறுபது தாண்டியவர்கள் மூட்டுவலிக்கும் சொல்வார்கள், மகனோடு மனஸ்தாபம் வந்தாலும் சொல்வார்கள். நீங்கள் எந்த அர்த்தத்தில் எழுதினீர்கள் என்று எனக்குத் தெரியாது என்பதால் நேராகவே கேட்கிறேன். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறதா? எப்படி என்றுகூட யோசித்து வைத்திருக்கிறீர்களா? இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுவோம் என்று பலரும் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை. உங்கள் பதில் ‘ஆமாம்’ என்றால் மீதியைப் பிறகு படித்துக்கொள்ளலாம், இப்போதே 14416க்குப் பேசுங்கள். டெலி மானஸ் என்ற அரசுச் சேவை அது. இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.

வங்கிக் காவல் வேலைக்காக வாங்கிய இரட்டைக்குழல் துப்பாக்கி இன்னும் பீரோவில் இருப்பதாகப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். இந்த வாரமே மருமகனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, உரிமத்தோடு காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்கிவிடுங்கள். தூக்கமில்லாத மனிதரும் ரம்மும் துப்பாக்கியும் ஒரே வீட்டில் இருக்கக் கூடாது. மற்ற எல்லாவற்றிலும் நீங்கள் என்னோடு வாதாடலாம், இதில் மட்டும் முடியாது.

அடுத்தது பேரன். 37 வருஷத்துக்கு முன் நடந்ததை இன்றைக்கு யாராலும் மாற்ற முடியாது. பொங்கலன்று நடந்ததற்கு இன்னும் வழி இருக்கிறது. உங்கள் மகளும் கூட இருக்கும்போது அவனை உட்காரவைத்து, “தாத்தா உன் கையைப் பிடித்து அப்படிக் கேட்டது தப்பு. நீ பயந்ததில் தப்பே இல்லை. இனி தாத்தா அப்படிச் செய்ய மாட்டேன்” என்று மட்டும் சொல்லுங்கள். போர்க்கதை வேண்டாம், அழுகை வேண்டாம். ‘தாத்தாவை மன்னிச்சிட்டியா’ என்று கேட்கவே வேண்டாம். கேட்டால், பதில் சொல்லியே ஆக வேண்டிய இடத்தில் பிள்ளையை மறுபடி உட்காரவைத்ததாகிவிடும். கோபம் வந்தால் அறையை விட்டு வெளியே போய்விடுவது என்று வீட்டில் எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அவனாக மடியில் வந்து உட்காரும் வரை நீங்கள் கூப்பிட வேண்டாம்.

இனி, மறக்க மருந்து கேட்டீர்களே, அதற்கு வருகிறேன்.

உங்களுக்கு இருப்பது இரண்டு தனித்தனிச் சங்கதிகள், ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. திடுக்கிட்டு விழிப்பது, சுவரில் முதுகு சாய்த்தே உட்காருவது, கனவில் கத்துவது, அந்த அம்மாவின் பேச்சு காதில் விழுந்ததும் வேர்த்துக் கொட்டுவது, ஏரிக்கரையைச் சுற்றிப் போவது, இவையெல்லாம் ஒன்று. வியட்நாமிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் பட்ட பாட்டைப் பார்த்த பிறகு, 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இதைத் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்தது. பி.டி.எஸ்.டி. என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். இது நோய், இதற்குச் சிகிச்சை உண்டு.

இன்னொன்று நோயே அல்ல. அந்த வியட்நாம் சிப்பாய்களுக்கு பாஸ்டனில் மருத்துவம் பார்த்த ஜோனதன் ஷே 1994இல் அதைப் பற்றி எழுதினார்: மேலே இருப்பவர்கள் சரியானதைச் செய்வார்கள் என்று நம்பியவன், அந்த நம்பிக்கை உடையும்போது படும் காயம். பிரெட் லிட்ஸ் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 2009இல் இன்னும் ஒரு படி போனார்கள். தான் சரியென்று நம்பிய ஒழுக்கத்துக்கு மாறாகத் தானே ஒன்றைச் செய்தவனுக்கும், தடுக்காமல் நின்றவனுக்கும் அதே காயம் உண்டு என்றார்கள். ஷே சொன்ன ‘மாரல் இன்ஜுரி’ என்ற பெயரையே அவர்களும் எடுத்துக்கொண்டார்கள். என்னிடம் வருகிறவர்களிடம் நான் ‘மனசாட்சிக் காயம்’ என்றே சொல்வேன். முதலாவது, பயத்தால் வந்தது. இது, செய்ததால் வந்தது. உங்களிடம் பயத்தைவிட இதுதான் அதிகம் என்று உங்கள் கடிதத்தைப் படித்தபோது தோன்றியது.

1950களில் அல்ஜீரியாவில் பிளிடா என்ற ஊரில் மனநல மருத்துவராக இருந்த ஃபிரான்ஸ் ஃபனானிடம் ஐரோப்பியக் காவல் அதிகாரி ஒருவர் சிகிச்சைக்கு வந்தார். நாள் முழுக்க மனிதர்களைச் சித்திரவதை செய்யும் வேலை. வீட்டுக்குப் போனால் மனைவியையும் குழந்தைகளையும் அடித்தார், கைக்குழந்தையைக்கூட விடவில்லை. வேலையை விடும் எண்ணம் அவருக்கு இல்லை. மனசாட்சி உறுத்தாமல் அதே வேலையைத் தொடர வழி செய்யுங்கள் என்று கேட்டார். நீங்கள் அவர் அல்ல. ஆனால் ‘மறக்க மருந்து’ என்று நீங்கள் கேட்டபோது எனக்கு அவர் ஞாபகம் வந்தார் என்பதை மறைக்க விரும்பவில்லை. தூக்கத்துக்கும் திடுக்கிடலுக்கும் நான் மருந்து எழுதுவேன். அந்தப் பையனை உங்கள் நினைவிலிருந்து எடுக்க எழுத மாட்டேன். அப்படி ஒரு மாத்திரை கிடையாது. இருந்தாலும், ‘ஓம் அண்ணை’ என்ற அந்தக் குரலை உலகத்தில் ஞாபகம் வைத்திருப்பவர்களில் நீங்களும் ஒருவர். அதை அழிக்க நான் யார்?

மருந்து பற்றிச் சுருக்கமாக: செர்ட்ராலின், பராக்ஸெட்டின் போன்றவை இந்த நோய்க்குக் கொடுக்கப்படுபவை, பலன் தெரிய நாலு முதல் ஆறு வாரம் ஆகும். கெட்ட கனவுக்கு பிரசோசின் சிலருக்கு உதவுகிறது. 2018இல் அமெரிக்க முன்னாள் வீரர்களிடம் நடந்த பெரிய ஆய்வில் அது வெற்று மாத்திரையைவிட மேல் என்று நிரூபணமாகவில்லை. ரத்த அழுத்தத்தையும் இறக்கும் என்பதால் உங்கள் வயதில் பார்த்துத்தான் தர வேண்டும். அல்பிரசோலம் வகைத் தூக்க மாத்திரையை மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள், ரம்மோடு சேர்ந்தால் ஆபத்து. அதற்காக ரம்மை நாளைக் காலையிலேயே ஒரேயடியாக நிறுத்திவிடவும் வேண்டாம். இத்தனை வருஷம் தினமும் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், சித்தம் கலங்கலாம். உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவமனையில் சேர்ந்து, தயமின் ஊசியோடு படிப்படியாக நிறுத்த வேண்டும்.

மருந்தைவிடப் பேச்சு முக்கியம். நடந்ததை ஒருவரிடம், அன்று அறை எப்படி இருந்தது, அவன் என்ன போட்டிருந்தான், தண்ணீரை எதில் கொடுத்தீர்கள் என்பது வரை, திரும்பத் திரும்பச் சொல்வது. பயிற்சி பெற்ற உளவியலாளரோடு வாரம் ஒரு முறை உட்கார வேண்டும். மனசாட்சிக் காயத்துக்கு இன்னொரு முறையையும் சேர்த்துக்கொள்கிறார்கள். நீங்கள் மதிக்கும் ஒருவர் எதிரே உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு அவரிடம் எல்லாவற்றையும் சொல்வது, பிறகு அவர் என்ன சொல்வார் என்பதையும் உங்கள் வாயாலேயே சொல்வது. உங்களைப் பயிற்சியில் தூக்கிவிட்ட சுபேதாரைப் பற்றி எழுதியிருந்தீர்களே, அவர் பொருத்தமாக இருப்பார்.

அந்தச் சிகிச்சை அறையில் இன்னொரு வேலையும் நடக்கும். பேப்பரில் தோசை அளவுக்கு ஒரு வட்டம் போடச் சொல்வார்கள். நடந்ததில் யார் யாருக்கு எவ்வளவு பங்கு என்று அதை வெட்ட வேண்டும். உத்தரவு போட்டவர், பக்கத்து அறையில் இருந்தவர்கள், படையை அனுப்பியவர்கள், இரண்டு பக்கமும் துப்பாக்கி தூக்கியவர்கள், எல்லோருக்கும் வெட்டிய பிறகு மீதி உங்களுடையது. சிலர் முழுத் தோசையையும் தாங்களே எடுத்துக்கொள்வார்கள். சிலர் ‘உத்தரவு டாக்டர்’ என்று சொல்லித் தட்டைக் காலியாக வைத்துக்கொள்வார்கள். நீங்கள் முதல் ரகம். ‘அடிப்பது என் வேலை இல்லை’ என்று எழுதிய அந்த ஒரு வரியில் மட்டும் இரண்டாம் ரகம். அந்த வரியை நீங்கள் இன்னொரு முறை பார்க்க வேண்டும்.

ஏனென்றால் உங்களைத் தின்பது அந்த வரிதான் என்று நினைக்கிறேன். இரண்டாம் உலகப் போரில் ஹான்ஸ் ஷார்ஃப் என்ற ஜெர்மானியர் பிடிபட்ட அமெரிக்க விமானிகளை விசாரித்தார். கை ஓங்கியதில்லை. பேச்சுக் கொடுப்பார், அவர்களோடு நடக்கப் போவார். சொல்கிறோம் என்றே தெரியாமல் விமானிகள் சொன்னார்கள். போருக்குப் பிறகு அவர் அமெரிக்காவிலேயே போய்க் குடியேறினார். கனிவாகக் கேட்டுத் தகவல் வாங்குவது தன்னளவில் பாவமல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன். உங்கள் விஷயத்தில் கெட்டுப்போனது கேள்வி அல்ல, பக்கத்து அறை. அந்த அறை இருந்ததால்தான் உங்கள் தண்ணீர் அவ்வளவு இனித்தது. அது உங்களுக்கும் தெரியும். நம் வீடுகளில் அன்பை அன்பு என்று சொல்லிக் காட்டுகிற வழக்கம் இல்லை. ‘சாப்பிட்டியா’ என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. அந்தச் சொல்லை அந்த மேஜைக்குக் கொண்டுபோனதைத்தான் உங்களால் மன்னிக்க முடியவில்லை. 37 வருஷமாக உங்கள் மகனிடம் அதைக் கேட்காதது நீங்களே உங்களுக்கு விதித்துக்கொண்ட தண்டனை. ஆனால் அதை அனுபவித்தது அவரும்தான்.

ஏன் இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லவில்லை என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் ஊகிக்க முடிகிறது. 1990 மார்ச்சில் கடைசிப் படையினர் கப்பலில் சென்னைக்கு வந்து இறங்கியபோது அன்றைய முதல்வர் வரவேற்கப் போகவில்லை. அடுத்த வருஷம் மே மாதம் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு இங்கே அந்தப் பேச்சையே யாரும் எடுக்கவில்லை. கார்கிலிலிருந்து வந்தவருக்கு ஊரில் மாலை போட்டார்கள். உங்களை யாரும் கேட்கவில்லை. தமிழரை விசாரித்த தமிழர், எந்தக் கூட்டத்தில் போய் உட்கார முடியும்?

அந்த அம்மா விஷயம். இதைத்தான் நான் அதிகம் யோசித்தேன்.

காலில் விழ வேண்டாம். இப்போது வேண்டாம் என்று சொல்லவில்லை, நீங்களாகப் போய் விழவே வேண்டாம் என்கிறேன். அவர் யாரை இழந்தவர் என்று உங்களுக்குத் தெரியாது. யாழ்ப்பாணமா, மன்னாரா, திருகோணமலையா என்பதும் தெரியாது. நீங்கள் சொல்லி முடித்ததும் உங்கள் நெஞ்சு லேசாகும். அவர் என்ன செய்வார்? ஆறுதல் சொல்ல வேண்டும், அல்லது சபிக்க வேண்டும். இரண்டில் ஒன்றைச் செய்தே ஆக வேண்டிய நிலையில், தேத்தண்ணி கொடுக்கக் கூப்பிட்ட ஒருவரை, அவர் வீட்டு வாசலிலேயே வைத்து நிறுத்துவீர்கள்.

தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சியின் கொடுமைகளை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தின் முன், 1997இல் கேப்டவுனில், ஜெஃப்ரி பென்சீன் என்ற காவல் அதிகாரி பொதுமன்னிப்புக் கேட்டு வந்தார். கைதிகளின் தலையில் ஈரச் சாக்கை மாட்டி மூச்சை நிறுத்துவது அவருடைய முறை. அவரிடம் அந்தப் பாடு பட்ட டோனி யெங்கெனி, எப்படிச் செய்தீர்கள் என்று எல்லோர் முன்னாலும் செய்து காட்டச் சொன்னார். தரையில் படுத்த ஒருவர் மேல் ஏறி உட்கார்ந்து பென்சீன் செய்து காட்டினார். அதுவரை கேள்வி யெங்கெனி கையில் இருந்தது. கொஞ்ச நேரத்தில் பென்சீன், அரை மணி நேரம்கூடத் தாங்காமல் உங்கள் தோழரைக் காட்டிக்கொடுத்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா என்கிற மாதிரி பேச ஆரம்பித்தார். மன்னிப்புக் கேட்க வந்த இடத்திலேயே, பழைய அறை மறுபடி திறந்துகொண்டது. வேண்டுமென்று செய்தாரா, கைப்பழக்கம்தானா, எனக்குத் தெரியவில்லை. பொங்கலன்று உங்கள் பேரனிடம் வெளிப்பட்டதும் அந்தக் கைப்பழக்கம்தான். அதனால்தான் எனக்குத் தயக்கம்.

அதற்காக ஏரிக்கரையைச் சுற்றுவதும் சரியல்ல. சிகிச்சை தொடங்கி சில வாரம் போனதும் அந்தத் தெரு வழியாகவே நடங்கள். முதல் நாள் வேர்க்கும், நெஞ்சு அடித்துக்கொள்ளும். நடந்து முடித்துவிடுங்கள். கூப்பிட்டால் ‘வணக்கம்மா, இன்னொரு நாளைக்கு வர்றேன்’ என்று சொன்னால் போதும். உண்மையை மறைத்துக்கொண்டு அவர் கையால் தேநீர் வாங்கிக் குடிக்கலாமா என்றால், எனக்கே அதில் தெளிவான பதில் இல்லை. குடிக்காமல் இருப்பதே நல்லது என்றுதான் படுகிறது.

ஆனால் ஒரு நாள் அவராகவே, “தம்பி, நீங்கள் ஆமியில இருந்தனீங்களாமே, எங்கட பக்கமும் வந்தனீங்களோ?” என்று கேட்டால், பொய் சொல்லாதீர்கள். “ஆமாம்மா, 88இல் இருந்தேன்” என்று சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள். அடுத்த கேள்வியைக் கேட்பதா வேண்டாமா என்பது அவர் பாடு. கேட்டால், கேட்டதற்கு மட்டும் பதில். கதவைச் சாத்தினால், சாத்தட்டும். இந்த முறை கேள்வி அவர் பக்கம் இருக்கட்டும்.

திதி கொடுத்ததைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பையன் செத்துவிட்டான் என்று உங்களுக்கு யார் சொன்னது? காணாமல் போன பிள்ளைகளின் தாய்மார் 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கி வருஷக்கணக்காக ரோட்டோரப் பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் பலர் இறப்புச் சான்றிதழ் வாங்க மறுத்தவர்கள். உங்கள் பையனின் காலம் வேறு, ஆனால் அவனுக்கும் அப்படி ஒரு தாய் இருந்திருக்கலாம். அவர் எள் இறைக்காதபோது நீங்கள் இறைத்துக் கணக்கை முடித்துவிட்டீர்கள். தீராததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

தெரிந்ததை எழுதிவையுங்கள். தேதி, இடம், அவன் உருவம், அவன் சொன்ன வீடு எந்தப் பக்கம், மறந்தது எது என்பதும். அது பையனுக்கு எழுதும் கடிதமாகவே இருக்கலாம், அனுப்பப் போவதில்லை. அதை என்றாவது யாரிடமாவது சாட்சியமாகக் கொடுக்க வேண்டும் என்று தோன்றினால், முதலில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். 1970இல் வயநாட்டில் நக்சல் தலைவர் வர்கீஸ் கொல்லப்பட்டதில் தன் பங்கை, ராமச்சந்திரன் நாயர் என்ற காவலர் 1998இல் வெளியே சொன்னார். 2010இல் ஓய்வுபெற்ற உயரதிகாரி ஒருவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. நாயரும் குற்றவாளிப் பட்டியலில்தான் இருந்தார், தீர்ப்பைப் பார்க்காமலே இறந்துபோனார். சொல்லாதீர்கள் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. சொல்வதற்கு ஒரு விலை உண்டு, அதைத் தெரிந்துகொண்டு சொல்லுங்கள்.

மருத்துவரிடம் சொல்வது வேறு. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவுப்படி உங்கள் சிகிச்சை விவரத்தை அவர் ரகசியமாக வைத்திருக்க வேண்டும். சட்டம் சொல்லும் சில விலக்குகள் உண்டு. உதாரணமாக, உங்கள் உயிருக்கோ மற்றவர் உயிருக்கோ ஆபத்து என்றால் அதைத் தடுக்கத் தேவையானதை மட்டும் சொல்லலாம். உங்களிடம் முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தின் ஈ.சி.எச்.எஸ். அட்டை இருக்கும், அதன் பாலிகிளினிக்கில் மனநலப் பிரிவுக்குப் பரிந்துரைச் சீட்டு கேளுங்கள். அங்கே பழைய பட்டாளத்துக்காரர்கள் கண்ணில் படுவார்கள் என்று கூச்சமாக இருந்தால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போதும். முதல் நாளே எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டியதில்லை. தூக்கம் இல்லை, குடி இருக்கிறது, ராணுவத்தில் விசாரணை வேலை பார்த்தேன், இந்த மூன்றைச் சொன்னால் நல்ல மருத்துவருக்குப் புரியும். புரியாதவராக இருந்தால் வேறொருவரைப் பாருங்கள்.

போகும்போது உங்கள் மனைவியையும் கூட்டிப் போங்கள். நாலு பக்கக் கடிதத்தில் அவரைப் பற்றி ஒரே ஒரு இடத்தில், ‘வீட்டில் அவளுக்கு ஒன்றும் தெரியாது’ என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் கனவில் கத்தும்போது பக்கத்தில் படுத்திருப்பவர் அவர். அவருக்கு என்ன தெரியும் என்று நீங்கள் இன்னும் கேட்டுப் பார்க்கவில்லை.